சந்தேகம் டாக்டர் ஆனது

போன மாதம் பட்டறைக்கு ஒரு பழைய லாரி வந்தது. பாடியை முழுசாகப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டுமாம். கொண்டுவந்த ஆள் அதை மூன்றாவது கையாக வாங்கியவர். வண்டியின் பூர்வீகம் அவருக்குத் தெரியாது. பட்டறையை இப்போது பெரியவரின் மகன்தான் பார்த்துக்கொள்கிறான். பெரியவர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் குறை சொல்லிக்கொண்டிருப்பதோடு சரி. அன்றைக்கு மட்டும் எழுந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பக்கப் பலகையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இது நான் கட்டினது."

"எப்படிங்க சொல்றீங்க? எழுதின பேர்கூட அழிஞ்சு போச்சே" என்றார் வண்டிக்காரர்.

"ரிவிட் வரிசையைப் பாருய்யா. நூல் பிடிச்ச மாதிரி இல்ல? இந்த ஊர்ல வேற எவனுக்கு அந்தக் கை?"

சும்மா சொல்லக் கூடாது, உண்மையிலேயே வேறு யாருக்கும் அந்தக் கை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அடுத்தவன் பட்டறையில் சுத்தியல் தூக்கி, அடுத்தவன் திட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு சொந்தப் பட்டறை போட்டு, ஒரு காலத்தில் பாடி ஏறாத வெறும் வண்டிச் சட்டம், அதாவது சேஸ், மூன்று ஒரே நேரத்தில் வரிசையில் நிற்க வேலை பார்த்தவர். அவர் கட்டிய பாடி மேடு பள்ளம் பார்த்து உடையாது. மழைக்குப் பயப்படாது. வண்டி இறந்தாலும் பாடி இருக்கும்.

உள்பக்க மரப்பலகையைக் கழற்றினார்கள். பின்னால் தகரம் தெரிந்தது. செங்காவி நிற பிரைமருக்கு நடுவே மஞ்சளாக ஏதோ எழுத்து. மெழுகுக் கட்டியால் எழுதினால் அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது, பட்டறைக்காரர்களுக்கு அது தெரியும். தூசியைத் துடைத்ததும் எழுத்து பளிச்சென்று வந்துவிட்டது. முதலில் ஆங்கில எழுத்தில் வாயில் நுழையாத ஒரு வார்த்தை. அதன் கீழே தமிழில் 'கோர்ப்பர்'. அப்புறம் ஒரு சமக்குறி. அதற்குப் பக்கத்தில்: 'பாடி? புலம்?'

வெட்டுகிற ஆள் தீக்குழாயைப் பற்ற வைத்துக்கொண்டு குனிந்தான்.

"டேய், கையை எடு! அது சந்தேகம் எழுதினது" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற காக்கை பறந்தது.

"சந்தேகமா எழுதினதா, முதலாளி?"

"சந்தேகமா எழுதல. சந்தேகம் எழுதினா. என் தங்கச்சி!"

அந்தப் பயலுக்கு எங்கே தெரியப்போகிறது. அவன் பிறக்கும் முன்னால் நடந்த சமாசாரம்.

தங்கைக்கும் அவருக்கும் வயசு வித்தியாசம் அதிகம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பாவாடை இழுத்துக்கொண்டு நடக்கிற பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் நேராகப் பட்டறைக்கு வருவாள், அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும் வரை அங்கேதான். சும்மா இருக்கிற பிள்ளையா? ரிவிட்டை ஏன் இத்தனை நெருக்கமாக அடிக்கிறீர்கள், இரும்பு ஆங்கிளை ஏன் இந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்கள், பின் பலகை ஏன் கீழ்ப்பக்கமாகத் திறக்கிறது, பக்கவாட்டில் திறந்தால் என்ன? ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்து இரண்டு கேள்வி முளைக்கும். தகரம் வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார், கையில் எப்போதும் பெரிய கத்திரியோடு. அதனால் அவருக்குக் கத்திரி என்றே பெயர். அவள் தெருமுனையில் திரும்பும்போதே கத்திரி குரல் கொடுப்பார்:

"சந்தேகம் வந்தாச்சு! சுத்தியலைக் கீழே வைங்கப்பா, இன்னைக்கு வேலை ஓடாது!"

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

கணக்கில் அவள் எடுத்த மதிப்பெண்ணை எல்லாம் அண்ணன் வண்டிக்காரர்களிடம் சொல்லித் தீர்த்தார். பட்டம் வாங்கினாள், சொன்னார். மேல்பட்டம் வாங்கினாள், அதையும் சொன்னார். பிறகு ஒரு நாள், "அண்ணா, நான் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு பண்ணப் போறேன்" என்றாள்.

"பண்ணு. எப்போ குடுப்பாங்க?"

"குடுக்க மாட்டாங்க. வாங்கணும்."

அவருக்கு அப்போது அது விளங்கவில்லை. அன்று மாலையே சேஸ் கொண்டுவந்து நிறுத்தியவரிடம், "தங்கச்சி டாக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷர் அடுத்த வாரம் வரும்போது மனைவியையும் அழைத்து வந்து, முட்டி வலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டார். சந்தேகம் அசரவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் எண்ணுக்குத்தான். உங்க முட்டிக்கு எண் இருக்கா?" என்றாள்.

வீடு சின்னது. அண்ணன் பிள்ளைகள் இரண்டும் கட்டிலுக்குக் கட்டில் தாவும். அண்ணி குக்கர் விசில் போட்டுக்கொண்டே ரேடியோ கேட்பாள். உட்கார்ந்து யோசிக்க இடம் ஏது? சாயங்காலம் வேலை முடிகிற நேரமாகப் பார்த்துச் சந்தேகம் பட்டறைக்கு வந்துவிடுவாள். சுவரில் சாத்தி வைத்த முழுத் தகரங்கள் அங்கே இருந்தன. ஆள் உயரம், கருநீலம், வழவழப்பு. எந்தக் கல்லூரியில் அத்தனை பெரிய கரும்பலகை இருந்தது? அளவு குறிக்க வைத்திருந்த மஞ்சள் மெழுகுக் கட்டியை எடுத்துக்கொண்டு தலைக்கு மேலே ஆரம்பித்து முட்டி வரை எழுதிக்கொண்டே இறங்குவாள். பிறகு பின்னால் நகர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்து, "ப்ச்" என்பாள். அந்த 'ப்ச்' கேட்டாலே பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், இன்றைக்கும் தேறவில்லை என்று.

ஒரு தடவை முட்டை மாதிரி ஒரு வடிவம் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் கத்திரி அதை அளவுக்கோடு என்று நினைத்து, கோடு பிசகாமல் அழகாக வெட்டி எடுத்து வைத்துவிட்டார். முழுத் தகரம் பாழ். அவள் வந்து பார்த்துவிட்டு, "யாரு இதை வெட்டினது?" என்று கேட்டாள்.

"நான்தான். ஏன், கோணலா இருக்கா?"

"கோணல் இல்ல. இதுவரைக்கும் நான் போட்டதுல இதுதான் முதல்ல கையில வந்திருக்கு."

அந்த முட்டைத் தகரத்தை அண்ணன் தூக்கிப் போடவில்லை. ஆணியில் மாட்டி வைத்தார்.

"இன்னும் என்னம்மா பாக்கி?" என்று அவளிடம் கேட்பது அவர் வழக்கமாகிவிட்டது. வண்டிக்காரர்கள் அவரை எப்படி நச்சரிப்பார்களோ, அதே நச்சரிப்பு. முதலில் பாடங்கள் இருந்தன, அவற்றை முடித்தாள். அப்புறம் தகுதித் தேர்வு என்று ஒன்று வந்தது. இயற்கணிதம், பகுப்பாய்வு, இடவியல் என்று ஆளை விழுங்குகிற பெயர்கள். படித்ததை எல்லாம் ஒன்று சேர்த்து, இந்த ஆள் ஆராய்ச்சி செய்யத் தகுந்தவள்தானா என்று உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். ஒரே மூச்சில் தேறினாள். அண்ணன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

"டாக்டர் ஆயிட்டாளா?" என்று எதிர்க்கடை டயர்க்காரர் கேட்டார்.

"ஆகலாம்னு சொல்லியிருக்காங்க."

"ஆகலாம்னு சொன்னதுக்கே மிட்டாயா?"

"நீ டயர் ஒட்டினா ஓடலாம்னுதானே சொல்ற? அதுக்குக் காசு வாங்கல?"

அப்புறம் ஆய்வேடு. இதுவரை உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்றாள். அவர் கையிலிருந்த டீ அப்படியே நின்றுவிட்டது.

"யாருக்கும் தெரியாததுன்னா, நீ எழுதினது சரின்னு மட்டும் யாருக்குத் தெரியும்?"

"அதைத்தான் நான் நிரூபிக்கணும். ஒரு சந்தேகமும் மிச்சம் இருக்கக் கூடாது."

"உனக்கா? சந்தேகம் இல்லாமலா? சரியாப் போச்சு!" என்று கத்திரி அங்கிருந்து சிரித்தார்.

ஆனால் எழுதினாள். வருஷங்கள் பிடித்தன, எத்தனையோ தகரம் எழுதி எழுதி லாரியாகிப் போனது. கடைசியில் ஒரு சாயங்காலம் 'ப்ச்' என்ற சத்தம் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தகரத்தின் முன்னால் சும்மா நின்றிருந்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. அண்ணன் எழுத்தைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. அவள் முகத்தைப் பார்த்தார். போதும்.

"அப்போ முடிஞ்சுதா?"

"ஒண்ணு பாக்கி இருக்குண்ணா. மொழித் தேர்வு. தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துட்டேன்."

அதுதான் வினை. கணக்கில் பழைய பெரிய வேலைகள் நிறைய ஜெர்மன் மொழியில் இருக்கின்றனவாம். அதைத் தானே படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால்தான் பட்டம். ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து பக்கங்களை எடுத்துக் கொடுப்பார்கள், மொழிபெயர்க்க வேண்டும். அகராதி வைத்துக்கொள்ளலாம். தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் பதிவு ரத்து. ஆய்வேட்டை வாங்கவே மாட்டார்கள். அத்தனை வருஷத்து வேலையும் யாரும் திறக்காத கட்டாக வீட்டுப் பரணுக்குப் போகும்.

"பேசவா போற? படிக்கத்தானே? படிச்சுத் தள்ளு" என்றார் அண்ணன்.

தகரங்களில் ஜெர்மன் வந்து உட்கார்ந்தது. அவர்கள் எழுத்தில் ஒரு தடவை, வாயில் வர வேண்டுமே என்று தமிழ் எழுத்தில் ஒரு தடவை, பக்கத்தில் பொருள். தகரம் தூக்குகிறவன், பெயிண்ட் அடிக்கிறவன் எல்லோரும் போகிற வாக்கில் வாசித்தார்கள். அப்படி வாசிக்கும்போதுதான் அண்ணன் கண்ணில் அந்த வார்த்தை பட்டது. கோர்ப்பர் என்றால் உடல்.

"உடல்னா... பாடி! நம்ம தொழிலுக்கு ஜெர்மன்ல பேரு இருக்குடா! நாம எல்லாம் கோர்ப்பர் கட்டுறவங்க!"

அன்றைக்கு முழுக்க வந்தவன் போனவனிடமெல்லாம் கோர்ப்பர்தான். சாயங்காலம் தங்கை வந்ததும் அவளிடமும் சொன்னார். அவள் சிரித்தாள்.

"கணக்குல அது உடம்பு இல்லண்ணா. புலம்னு சொல்லுவோம். எண்களோட ஒரு கூட்டம். அதுக்குள்ள எதை எதோட கூட்டினாலும், கழிச்சாலும், பெருக்கினாலும், வகுத்தாலும் விடை அதுக்குள்ளயே இருக்கும், வெளியே போகாது. பூஜ்ஜியத்தால வகுக்கிறது மட்டும் கூடாது. என் ஆய்வேடே அதைப் பத்தித்தான்."

"உள்ளே போட்டது வெளியே விழக் கூடாது. அவ்வளவுதானே? அப்போ அது பாடிதான்!"

"அண்ணா!" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க வந்து தேர்வு எழுதினா பேப்பர் முழுக்க லாரிதான் ஓடும்."

தேர்வு நாள் காலையில் வீட்டு வாசலில் கூட்டம். எதையும் ஒரு தடவைக்கு நாலு தடவை சந்தேகப்பட்டு நேரத்தை விடுகிறவள் ஆயிற்றே, அதுதான் எல்லோருக்கும் பயம். அண்ணி பையைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு ஒரு நாள் சந்தேகப்படாம எழுதிட்டு வாடி" என்றாள். கத்திரியும் அதையே சொன்னார். அண்ணன் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

மதியத்துக்கு முன்பே முகம் மலரத் திரும்பி வந்தாள். "சந்தேகமே படல! முதல் ஆளா குடுத்துட்டு வந்துட்டேன்!" என்றாள். அண்ணன் டயர்க்காரர் காதில் படும்படி கை தட்டினார்.

முடிவு வந்த அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. பட்டறையில், பாடி ஏறாத ஒரு சேஸின் இரும்புச் சட்டத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"பாடிதான்ணா" என்றாள். "நீங்க சொன்ன பாடிதான்."

"என்னது?"

"அவங்க குடுத்தது என் பகுதி இல்ல. வடிவங்களைப் பத்தின பக்கம். அங்க கோர்ப்பர்னா உடம்பேதான், கனமான உருவம். நான் பேப்பர் முழுக்கப் புலம் புலம்னு எழுதி வச்சுட்டேன்."

தான் சொன்னது சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்படுவதா, பிள்ளை தோற்றுவிட்டாளே என்று வருத்தப்படுவதா? அவர் வாழ்க்கையில் பெருமையடிக்க வாய்ப்புக் கிடைத்தும் வாயைத் திறக்காமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டார். தங்கைக்குச் சொல்லவில்லை. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். அறையில் நாற்காலி மேலெல்லாம் புத்தகம். ஒரு நாற்காலியைக் காலி பண்ணி உட்காரச் சொன்னார்.

"ஒரு வார்த்தைக்காக ஒரு பிள்ளையைத் தோற்கடிக்கலாமாங்க, மேடம்? நான் பாடி கட்டுறவன். ஒரு ரிவிட் சரியில்லன்னா முழு லாரியையும் வேண்டாம்னு சொல்லுவாங்களா?"

"நீங்க அந்த லாரியை வெளியே விடுவீங்களா?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். விட மாட்டார். அதுவும் ஊருக்கே தெரியும், அவரே சொல்லித்தான்.

"ஒரு ரிவிட் இல்லங்க. பக்கம் முழுக்க அந்த வார்த்தைதான்" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. "புலத்தோட கன அளவுன்னு எழுதியிருக்கா. புலத்தோட மேற்பரப்புன்னு எழுதியிருக்கா. புலத்துக்கு ஏதுங்க மேற்பரப்பு? அது அவளுக்குத் தெரியாதா? என்கிட்ட இருக்கிற பிள்ளைகள்லயே அதிகமா சந்தேகப்படுறவ அவதான். அதுதான் அவ பலம். அன்னைக்கு மட்டும் ஏன் ஒரு சந்தேகமும் வரலன்னுதான் எனக்குப் புரியல."

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, கும்பிடு போட்டுவிட்டு வந்தார். அந்த விஷயத்தை அவர் வீட்டில் சொன்னதாகவோ, தன் பேரில் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகவோ சரித்திரம் இல்லை. பட்டறைக்கு வந்ததும் செய்தது ஒன்றுதான். அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே அவ கேள்வி கேட்டா எவனும் சிரிக்கக் கூடாது. சுத்தியலைக் கீழே வச்சுட்டுப் பதில் சொல்லணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

"வேலை ஓடாதே, முதலாளி?" என்றார் கத்திரி.

"ஓடலன்னா நிக்கட்டும்."

அடுத்த தேர்வு வரை சந்தேகம் பழையபடி சந்தேகமானாள். ஜெர்மன் பக்கத்தைத் தகரத்தில் எழுதி, ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் நின்றாள். இது ஏன் இந்தப் பொருள், வேறு ஏன் இல்லை என்று தனக்குத்தானே வாய்விட்டுக் கேட்டாள். ஆணியில் தொங்கின முட்டைத் தகரத்தை எடுத்து அண்ணனிடம் காட்டினாள்.

"இது உருவம். இதுக்குள்ள எந்த ரெண்டு இடத்தைத் தொட்டு நேர்கோடு போட்டாலும் கோடு வெளியே போகாது."

"ஒடுக்கு விழாத பாடி."

"அதேதான். இதுவும் கோர்ப்பர். என் புலமும் கோர்ப்பர். எது எங்க வரும்னு பக்கத்துல இருக்கிற வார்த்தையை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

அந்த வாரம்தான் அவள் ஒரு தகரத்தில் பெரிதாக எழுதினாள்: 'பாடி? புலம்?' அந்தத் தகரம் மறுநாளே ஒரு லாரியின் உள்பக்கமாக ஏறிப் போய்விட்டது.

தேர்வு நாள் காலையில் யாரும் எதுவும் சொல்லத் துணியவில்லை. அண்ணிகூடப் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன்தான் படியிறங்கி வந்து சொன்னார்:

"நல்லா சந்தேகப்படும்மா. நேரம் போனா போகட்டும்."

அவரே கொண்டுபோய் விட்டார், சோதனை ஓட்டத்துக்கு எடுத்த புது லாரியில். கல்லூரி வாசலில் அதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வாசல் காவலாளி வந்து, "இங்க லாரி நிக்கக் கூடாது" என்றான். "பாடியைப் பாரு முதல்ல, அப்புறம் பேசு" என்று அவனை ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவளைக் காணோம். எல்லோரும் போய்விட்டார்கள். கதவு சாத்துகிற நேரத்தில் கடைசி ஆளாக வந்தாள், விரலெல்லாம் மை.

"முடிச்சியா?"

"முடிக்கல. கடைசி நாலஞ்சு வரி விட்டுப் போச்சு."

லாரிக் கதவைத் திறந்து அவளை ஏற்றினார்.

"ஏம்மா?"

"ரெண்டு கோர்ப்பரும் வந்துடுச்சுண்ணா, ஒரே பக்கத்துல. எண்களோட புலத்தைப் பத்தின உண்மையை, ஒடுக்கு விழாத உருவத்தை வச்சு நிரூபிக்கிறாங்க. ஒரு வரியில புலம், அடுத்த வரியில உருவம். ஒரு இடத்துல ரெண்டும் ஒரே வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் நின்னு நின்னு பார்த்தேன். எது எது, ஏன்னு ஓரத்துல குறிச்சும் வச்சேன். நேரம் போயிடுச்சு."

வீடு வரை வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. நல்ல பாடி.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். அண்ணன் டயர்க்காரரோடு சண்டை போடவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பட்டறையின் டெலிபோன் அடித்தபோது ஒரு பக்கம் கிரைண்டர் கத்துகிறது, இன்னொரு பக்கம் தகரம் அடி வாங்குகிறது. அவர்தான் எடுத்தார்.

"ஹலோ! யாரு? மேடமா?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்லின் முதல் எழுத்து: "தே..."

தேறவில்லையா, தேறிவிட்டாளா? "நிறுத்துங்கடா! எல்லாத்தையும் நிறுத்துங்கடா!" என்று அவர் போட்ட கூச்சலில் கிரைண்டர்காரன் பிளக்கையே பிடுங்கிவிட்டான். பட்டறை அப்படி அமைதியாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

"மறுபடி சொல்லுங்க, மேடம்."

"தேறிட்டா. விட்ட வரிக்கு மார்க் போச்சு, ஆனா எழுதினதுல ஒரு குறை சொல்ல முடியல. ஓரத்துல எழுதியிருந்த குறிப்பை ரெண்டு பேரு கேட்டு வாங்கிப் படிச்சோம்."

அண்ணன் டெலிபோனை வைத்தார். சுத்தியலை எடுத்து, பக்கத்தில் நின்ற தகரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். நடுவில் பெரிய ஒடுக்கு. சொந்தத் தகரத்தில் அவர் வேண்டுமென்றே விழ வைத்த ஒரே ஒடுக்கு அதுதான்.

அதற்குப் பிறகு ஆய்வேடு போனது. வெளியூர் நிபுணர்கள் இருவர் மாதக்கணக்கில் வைத்துப் படித்தார்கள், சரி என்றார்கள். கடைசிப் படி, எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்கிற வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்களாம். அப்படிப் போட்டால் அண்ணன் விடுவாரா? பட்டறையைப் பூட்டிவிட்டு, அத்தனை பேரையும் குளிக்கச் சொல்லி, சட்டை மாற்றச் சொல்லி, அண்ணியோடு சேர்த்து லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். கணக்குப் பேராசிரியர்கள் நிறைந்த அரங்கில் கடைசி இரண்டு வரிசையும் பாடி கட்டுகிறவர்கள். கத்திரி மட்டும் பழக்கதோஷத்தில் கத்திரியைக் கொண்டுவந்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சந்தேகம் கரும்பலகை முன்னால் நின்றாள். தகரத்தை விடச் சின்னப் பலகை. அவள் எழுத எழுத அண்ணன் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஆரம்பித்துக் கீழே இறங்கிக்கொண்டே வருகிற அதே எழுத்து. பேராசிரியர்கள் கேட்டார்கள், பதில் சொன்னாள். சில கேள்விக்கு யோசித்தாள், ஒரு கேள்விக்கு, "அது எனக்கும் இன்னும் தெரியல" என்றாள். கேட்டவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கடைசியில் தலைமை வகித்தவர் சபையைப் பார்த்து, "வேறு யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்டார். சடங்குக்குக் கேட்பது அது.

கடைசி வரிசையில் அண்ணன் எழுந்து நின்றார்.

அரங்கம் திரும்பியது. அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், "ஏங்க, உட்காருங்க!" அவர் உட்காரவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நேரம் நீ எழுதினியே, அந்தக் கோர்ப்பர். அது எந்த பாடிம்மா?"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியை மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் நின்றவளுக்குச் சிரிப்பும் வந்தது, குரலும் உடைந்தது.

"புலம்ண்ணா" என்றாள். "உள்ளே போட்டது வெளியே விழாது. நிரூபிச்சிருக்கேன்."

"அப்போ சரி" என்று அவர் உட்கார்ந்தார். "வண்டியை விடலாம்."

தலைமை வகித்தவரே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். கத்திரி உணர்ச்சி வேகத்தில் எழுந்ததில் மடியிலிருந்த கத்திரி தரையில் விழுந்து போட்ட சத்தம்தான் முதல் கைதட்டல்.

அந்தத் தகரம் இத்தனை காலம் எந்தெந்த ஊர் பார்த்ததோ, எத்தனை சரக்கு சுமந்ததோ. போன மாதம் பெரியவர் அதைக் கையோடு துடைத்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார். அவள் இப்போது தூரத்து ஊரில் பேராசிரியை, ஓய்வு பெறுகிற வயசு.

"உன் சந்தேகம் ஒண்ணு இங்க மாட்டிக்கிட்டு நிக்குது. வந்து எடுத்துட்டுப் போ."

"எதுண்ணா?"

"பாடியா, புலமான்னு கேட்டு வச்சிருக்கியே, அது."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பிறகு, "அது அங்கயே இருக்கட்டும்ணா. ஓடட்டும்" என்றாள். குரல் பாவாடை இழுத்துக்கொண்டு வந்த பிள்ளையின் குரலாகவே இருந்தது அவருக்கு.

மகனிடம் சொல்லி அந்தத் தகரத்தைப் புதுப் பாடியின் உள்பக்கத்தில், பழைய இடத்திலேயே வைத்து அடிக்கச் செய்தார். இரண்டு ரிவிட்டைத் தானே அடித்தார், வரிசை பிசகவில்லை. வண்டிக்காரர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"புதுசுக்குக் காசு வாங்கிட்டுப் பழைய தகரத்தைப் போடுறீங்களே, பெரியவரே?"

"பழைய தகரமா? யோவ், அது டாக்டர் தகரம்யா! உன் யோகம், சும்மா குடுக்கிறேன். பேசாம ஓட்டிட்டுப் போ."